தம்பியோட பல்லுறை

ரான்ஃபர்லி
மே 11

அன்புத் தங்கச்சி எல்ஸ்பெத்துக்கு, உன் அண்ணன் வாட்டி எழுதுறது. நான் இன்னும் சாகல. உன் முழங்கால் எப்படி இருக்கு? எனக்கு இடது கால் ஸ்ட்ரைக் பண்ணுது, வலது கால் மட்டும் சொன்ன பேச்சு கேக்குது. உங்க கெய்ன்ஸ் வெயில்ல நீ இந்நேரம் கருவாடா ஆயிருப்பே.

போன்ல பேசுனா சண்டை வருது, இனிமே லெட்டர்தான்னு சொன்னது நீ. அதனால பிழை பாக்காமப் படி. நான் சின்ன வயசுலயே பள்ளிக்கூடத்தை விட்டு அதைக் காப்பாத்தினவன்.

விஷயம் என்னன்னா, நம்ம தம்பி டூகலுக்குப் புத்தி பிசகிருச்சு. ஆட்டுக்கு மருந்து வாங்கிட்டு வரேன்னு அலெக்ஸாண்ட்ரா டவுனுக்குப் போனான். வரும்போது மருந்து இல்ல, வாயில பிளாஸ்டிக் இருக்கு. பல்லை நேராக்குறானாம். அறுபத்திரெண்டு வயசுல. கம்பி கிம்பி எதுவும் கிடையாது, கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு உறை, மேல் பல்லுக்கு ஒண்ணு, கீழ்ப் பல்லுக்கு ஒண்ணு. டாக்டர் அதுக்கு அலைனர்னு பேர் சொன்னாராம். நான் பல்லுறைன்னு சொல்றேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி மாத்தணுமாம், ஒவ்வொரு ஜோடியும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுமாம். ஆட்டு மந்தையைப் பட்டிக்குள்ள தள்ளுற மாதிரின்னு வச்சுக்கோயேன்.

பேச்சு வேற மாறிப்போச்சு. "சூப் சூடா இருக்கு"ன்னு சொல்ல வந்து "தூப் தூடா இருக்கு"ங்குறான். நான் வேணும்னே தினம் சூப் வைக்கிறேன்.

ஸ்கூல்ல அவன் பல்லுச் சந்தைப் பாத்து 'ஓட்டை வேலி'ன்னு பேர் வச்சது நான்தான், ஞாபகம் இருக்கா? ஊரே அந்தப் பேரைப் பிடிச்சுக்கிச்சு. அன்னைலேர்ந்து கையால வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிப்பான். அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது பாவம். இப்ப அந்த உறையைக் கழட்டி, பிரஷ் போட்டு, பச்சத்தண்ணில கழுவி, துடைச்சு, டப்பாவுல வைக்கிறான். பெத்த குழந்தையைக் கூட எவனும் அப்படிக் குளிப்பாட்ட மாட்டான்.

யாருக்குடா இந்த அலங்காரம்னு கேட்டேன். காது ரெண்டும் சிவந்துருச்சு. எழுந்து நாய்கிட்டப் பேசப் போயிட்டான்.

உனக்கு ஏதாவது தெரியும். மறைக்காம எழுது. இங்க குளிர்காலம் வந்துருச்சு, குழாய்த் தண்ணி காலைல உறைய ஆரம்பிச்சிருச்சு.

உன் நல்லதை நினைக்கிற, வேற வேலை இல்லாத,
வாட்டி


கெய்ன்ஸ்
மே 24

பிரியமுள்ள அண்ணனுக்கு எல்ஸ்பெத் எழுதுறேன். முழங்கால் பரவால்ல. உன் இடது காலுக்குக் கம்பளி சுத்திக்கோ, பெருமை பேசிக்கிட்டு வெறும் காலோட கோழிக்கூட்டுக்குப் போகாதே.

நீ கேட்டுட்டே, சொல்றேன். என் பக்கத்து வீட்டு நோரீனை உனக்குப் பேரளவுல தெரியும், புருஷன் போயி ஏழெட்டு வருஷமாச்சு. போன கிறிஸ்துமஸுக்கு டூகல் இங்க வந்தப்ப ரெண்டு பேரும் பழகிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் ஏதோ ஆடு தேடுறேன்னு மேட்டுமேல ஏறுறானே, அது ஆடு தேட இல்ல. போன் சிக்னல் தேட. அக்டோபர்ல இங்க கல்யாணம்.

பல்லு விஷயம் அவனா எடுத்த முடிவு. நோரீன் கேக்கல. அவ அவன் பல்லையே பாத்ததில்ல, கையைத்தான் பாத்திருக்கா.

டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குச் சொன்னான். அவனுக்கு ஞாபக மறதி, அதனால உனக்கு எழுதுறேன். உங்க குளிருக்கு அந்த பிளாஸ்டிக் விறைச்சுப்போயி சட்டுனு விரிசல் விடும். ராத்திரி வண்டில, ஷெட்ல எங்கயும் விடக் கூடாது. கழட்டினா டப்பாவுல போட்டு உள்பையில, உடம்புச் சூடு படுற மாதிரி வச்சுக்கணும். விறைச்சிருந்தா உள்ளங்கையில பிடிச்சு இளக்கிட்டுத்தான் மாட்டணும். குளிருதேன்னு வெந்நீர்ல கழுவினா சுருண்டுரும். அது வாயில இருக்கும்போது டீயோ சூப்போ குடிக்கவே கூடாது. சாப்பாட்டு நேரம் தவிர பகலும் ராத்திரியும் வாயிலேயே இருக்கணும், இல்லன்னா பல்லு பழைய இடத்துக்கே திரும்பிப் போயிரும். உதடு வெடிச்சா ஏதாவது தடவச் சொல்லு.

மூத்தவன் நீ. கொஞ்சம் கண் வச்சுப் பாத்துக்கோ. மத்ததை டூகலே உன்கிட்டச் சொல்லுவான். பல்லு முடியட்டும், நானே அண்ணன் எதிர்ல உக்காந்து சொல்றேன்னு இருக்கான். அதனால நான் வாயைத் திறக்கல.

கிண்டலைக் குறைச்சுக்கோ.

அன்போட,
எல்ஸ்பெத்


ரான்ஃபர்லி
ஜூன் 10

தங்கச்சிக்கு வாட்டியோட ஆசீர்வாதம். இங்க நான் சுகம், டூகல் சுகம், நாய்க்கு மட்டும் காதுல சீழ். நீயும் மாப்பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்த புண்ணியவதியா நல்லா இருப்பேன்னு நம்புறேன்.

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ரொம்ப உபயோகமான லெட்டர்.

கல்யாணம், சரி. பண்ணிக்கட்டும். நான் வேணாம்னு சொல்ற ஆளா? ஆனா ஆட்டை யாரு பாக்குறது? குட்டி போடுற மாசத்துல ஒத்தை ஆளா என்ன பண்ண முடியும்? நான் எனக்காகச் சொல்லல. ஆட்டுக்காகச் சொல்றேன். சாயங்காலம் அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியா இருந்தா, ஆட்டுக்குக் கூட மனசு சரியா இருக்காது.

இங்க ஒரு சின்ன விபத்து. டூகல் கோட்டு எப்படியோ ராத்திரி வண்டியிலயே கிடந்திருக்கு. பையில டப்பா, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கழட்டின உறை டப்பாக்குள்ள. அன்னைக்குன்னு பாத்து வாளித் தண்ணி அடி வரைக்கும் உறைஞ்சுது. காலைல கஞ்சி குடிச்சிட்டு அதைத் தேடி எடுத்துட்டு வந்தான். உள்ளங்கையில வச்சு ஊதிக்கிட்டு இருந்தான். நான்தான் சொன்னேன், "டேய், ஆடு காத்துக்கிட்டு இருக்கு, சீக்கிரம் மாட்டுடா"ன்னு. மாட்டினான். காய்ஞ்ச சுள்ளி ஒடியிற சத்தம். ரெண்டு துண்டு.

கையில வச்சுக்கிட்டு நின்னான் பாரு, செத்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி. நான் சிரிக்கல. உண்மையாச் சொல்றேன், கோழிக்கூட்டுக்குப் போயிட்டுத்தான் சிரிச்சேன்.

டாக்டர் திரும்பச் செஞ்சு குடுக்குறாராம். அது வர்ற வரைக்கும் பழைய ஜோடியையே போட்டுக்கணும், அவ்வளவு நாளும் வீணு. பேச்சும் "தூடு" "தூப்பு"ன்னு அப்படியே இருக்கு. நான் கண் வச்சுத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், நீ கவலைப்படாதே.

அண்ணன்,
வாட்டி


கெய்ன்ஸ்
ஜூன் 20

அண்ணனுக்கு. எல்லாரும் சுகம். நாய்க் காதுக்கு எண்ணெய் ஊத்தாதே, மருந்து வாங்கு.

டூகல் ஞாயித்துக்கிழமை பேசினான். கோட்டை வண்டியில தான்தான் விட்டுட்டேன், என் தப்புன்னான். ஆனா அதுக்கு முந்தின வாரம், கோட்டை எப்பவும் அடுப்புப் பக்கத்து ஆணியிலதான் மாட்டுறேன்னு அவனே என்கிட்டச் சொன்னான். எப்படி வண்டிக்குப் போச்சுன்னு எனக்குப் புரியல. உனக்குப் புரிஞ்சா எழுது.

இன்னொண்ணு. அவன் உறையை மாட்டின உடனே நீ கெட்டிலை அடுப்புல ஏத்துறியாமே. வாசனை வந்ததும் அவனுக்கு டீ ஏக்கமா இருக்காம். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரல.

நோரீன் தினம் அங்க எவ்வளவு குளிரும்னு கேக்குறா. அடுப்புக்கு விறகா நிலக்கரியான்னு கேக்குறா. நீயே பதில் எழுதேன், அவளுக்குச் சந்தோஷமா இருக்கும். நீ அவளைப் பத்தி ஒரு வார்த்தை கூடக் கேக்கல, கவனிச்சியா? கல்யாணத்துக்கு அப்புறம் என்ன ஏதுன்னு எதுவுமே கேக்கல.

உடம்பைப் பாத்துக்கோ.
எல்ஸ்பெத்


ரான்ஃபர்லி
ஜூலை 1

அன்புத் தங்கச்சிக்கு. நான் கல்லு மாதிரி இருக்கேன். நாய்க்குக் காது சரியாப்போச்சு, எண்ணெய் ஊத்தித்தான் சரியாச்சு.

எனக்கு என்ன புரியணும்? கோட்டுக்குக் கால் முளைச்சிருக்கும். குளிர்ல என்னென்னமோ நடக்குது.

நோரீன்கிட்டச் சொல்லு, இங்க மூக்குல வடியிறது கீழ விழுறதுக்குள்ள உறைஞ்சுரும். துணி காயப்போட்டா பலகை மாதிரி நிக்கும், டூகலோட உள்ளாடையைக் கதவுல சாத்தி வைக்கலாம். அவ எதுக்கு அதெல்லாம் கேக்கணும்? வெயில்ல உக்காந்துக்கிட்டுக் குளிர்க் கதை கேக்குறது சிலருக்குப் பொழுதுபோக்கு போல. டூகல் அங்க வந்து வராந்தாவுல உக்காந்து சாகுற வரைக்கும் அவளுக்குச் சொல்லட்டும்.

கல்யாணத்துக்கு அப்புறம் என்னன்னு நான் ஏன் கேக்கணும்? எனக்குத் தெரியாதா?

புது உறை வந்துது. வந்து ஒரு வாரம் தாங்குச்சு. இந்தத் தடவை விபத்து இல்ல, என்னோட நல்ல மனசு. டூகலுக்குச் சளி. ராத்திரியெல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு மூச்சு விட்டான், அந்த உறை நாத்தம் எடுத்துப்போச்சு. காலைல அதைச் சிங்க்ல வச்சுட்டு வெளிய போனான். கிருமி இருக்குமேன்னு, அண்ணன்காரன் அக்கறையா, கெட்டில்ல கொதிச்ச தண்ணியை எடுத்து ஊத்தினேன். நீ எழுதியிருந்தே, ஞாபகம் இருக்கு. ஆனா நீ வெந்நீர்னுதானே எழுதினே. கொதிக்கிற தண்ணின்னு எழுதலையே.

பாக்க நல்ல வேடிக்கை. புழு மாதிரி நெளிஞ்சுது, சுருண்டுது, கடைசில வேர்க்கடலைத் தோடு மாதிரி ஆச்சு. டூகல் வந்து பாத்தான். "டாக்டர்கிட்ட எப்படிப் போயி நிக்கிறது"ன்னு மட்டும் கேட்டான். "வாயை மூடிக்கிட்டு நில்லு, அதுதான் உனக்குப் பழக்கமாச்சே"ன்னேன்.

டாக்டர் திட்டினாராம். இப்படியே போனா அக்டோபர்ல முடியாதுன்னு சொல்லிட்டாராம். பாவம்தான்.

அணைத் தண்ணி உறைய ஆரம்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்சம் கெட்டியாச்சுன்னா இந்த வருஷம் ஐஸ் மேல கல்லைச் சறுக்கி விட்டு நடு வட்டத்துல நிறுத்துற நம்ம கல்லாட்டம் உண்டு. நான் கத்துவேன், டூகல் துடைப்பத்தை வச்சுக் கல்லுக்கு முன்னாடி ஐஸைத் தேய்ப்பான். கெய்ன்ஸ்ல எதைத் தேய்ப்பானாம்?

அக்கறையுள்ள அண்ணன்,
வாட்டி


ரான்ஃபர்லி
ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு டூகல் எழுதுறது. நல்லா இருக்கேன். சளி குறைஞ்சிருச்சு. நீ நல்லா இருக்கியா? நோரீன் நல்லா இருக்காளா?

இந்த ஞாயிறு மேட்டுல பனி, ஏற முடியல. அதான் லெட்டர்.

அண்ணன் மேல கோவப்படாதே அக்கா. அது அறியாமப் பண்ணினது. என் மந்த புத்திதான், சிங்க்ல விட்டுட்டுப் போனேன். அடுத்தது வர்ற வரைக்கும் பழைய ஜோடிதான், இப்ப அந்த டப்பாவைக் கயிறு கட்டிக் கழுத்துல போட்டு, சட்டைக்குள்ள வச்சுக்கிறேன். நெஞ்சுச் சூட்டுலயே இருக்கு. வாயில இல்லாதப்பக் காத்து பட்டா பல்லு கூசுது, உயிர் போகுது. ஆனா முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து குறைஞ்சிருச்சு. கண்ணாடில பாத்தேன். நாக்கு போகமாட்டேங்குது.

கல்லாட்டம் முடிஞ்ச அன்னைக்கு அண்ணன் சந்தோஷமா இருப்பான். பல்லு முடியலன்னாலும் பரவால்ல, அன்னைக்கே அந்த விஷயத்தைக் கேட்டுரலாம்னு இருக்கேன். அவன் சரின்னு சொல்லுவான்னுதான் நினைக்கிறேன். நீ முன்னாடியே எழுதிராதே.

தம்பி,
டூகல்


கெய்ன்ஸ்
ஜூலை 14

அண்ணனுக்கு.

நான் சுகம். நீ சுகமா இருப்பேன்னு தெரியும், உன்னை மாதிரி ஆளுக்கெல்லாம் ஒண்ணும் வராது.

நான் எழுதின லெட்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு சொன்னேனோ அதையெல்லாம் ஒண்ணொண்ணாச் செஞ்சுக்கிட்டு இருக்கே. டூகலுக்கு நான் சொல்லல. அவன் உன்னை நல்லவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், அந்த நினைப்பை உடைக்க எனக்கு மனசு வரல. நீயும் உடைக்காதே.

நம்ம அப்பா செத்தப்ப அவனுக்கு ஒன்பது வயசு. உன் பின்னாடியேதான் சுத்துவான். நீ வச்ச பட்டப்பேரைக் கூட, அண்ணன் வச்சதுன்னு ஒரு வருஷம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். மத்த பசங்க சிரிக்கிறதைப் பாத்த பிறகுதான் அவனுக்கு அர்த்தம் தெரிஞ்சுது.

கல்லாட்டம் நடந்தா, அன்னைக்கு ஒரு நாளாவது அவன்கிட்ட நல்லபடியா நடந்துக்கோ. ஏன்னு கேக்காதே. நான் உன்னை எதுவும் கேட்டதில்ல, இதைக் கேக்குறேன்.

எல்ஸ்பெத்


ரான்ஃபர்லி
ஜூலை 24

தங்கச்சி எல்ஸ்பெத்துக்கு. தொண்டை கட்டியிருக்கு, மத்தபடி ராஜா மாதிரி இருக்கேன். உன் லெட்டர் வந்துது. நீ நர்ஸ் வேலைக்குப் போகாம போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்.

கல்லாட்டம் நடந்துது. திங்கக்கிழமை காலைல ரேடியோல சொன்னான், அணை ஐஸ் நல்லாப் பிடிச்சிருச்சுன்னு. நாங்க பாதி உரிச்ச ஆட்டை அப்படியே தொங்கவிட்டுட்டு ஓடினோம். ஊரே வந்திருந்துது. ஒத்தை டீச்சர் ஸ்கூலைப் பூட்டிட்டு வந்துட்டான். நாங்க ரெண்டு ஆட்டம் ஜெயிச்சோம். டூகல் தேய்ச்சான் பாரு, முப்பது வயசு ஆள் மாதிரி. என் கடைசிக் கல்லு பாதில நிக்க வேண்டியது, அதை அவன் துடைப்பமே இழுத்துக்கிட்டுப் போயி நடுவுல வச்சுது. ஓடி வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, ராத்திரி வீட்டுக்குப் போயி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்"னான். எனக்குத் தெரியும் என்ன கேப்பான்னு. டிக்கெட் போடட்டுமான்னு கேப்பான். வீட்டுக்குப் போகட்டும் பாக்கலாம்னேன்.

சாயங்காலம் ஹால்ல, கல்லாட்டக்காரங்க வருஷா வருஷம் நடத்துற விளையாட்டுக் கோர்ட்டு. பொம்பளைங்களுக்கு அங்க இடம் கிடையாது, உள்ள நடக்குறதை வெளிய சொல்லவும் கூடாது, அதனால உனக்குச் சொல்றேன். இந்த வருஷம் நான்தான் ஜட்ஜ். தலையில கெட்டிலுக்குப் போடுற கம்பளிக் குல்லாய். புது ஆளுங்களுக்குக் கண்ணைக் கட்டிச் சத்தியம் வாங்குவோம். அது முடிஞ்சா பழைய ஆளுங்க மேல கேஸ். குற்றவாளி வாயே திறக்கக் கூடாது. கோர்ட்டு கேட்டதை மேஜைமேல வைக்கணும். தண்டனை எதுவா இருந்தாலும் கும்பிட்டு, கோர்ட்டுக்கு நன்றின்னு சொல்லிட்டுத்தான் உக்காரணும். நம்ம தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான், மறுத்தவன் அதுக்கப்புறம் கல்லைத் தொட முடியாது.

டூகல் மேல நான் போட்ட கேஸ் இதுதான்: வெளியூர் ஐஸைத் திருட்டுத்தனமா வாயில வச்சுக் கடத்திட்டு வந்தான்.

ஹால் அதிர்ந்துது. யாருக்கும் அந்த உறை விஷயம் தெரியாது. கழட்டி மேஜைமேல வைன்னேன். என்னையே பாத்தான். நீ சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் வந்துது, இல்லன்னு சொல்லல. ஆனா அம்பது பேர் துடைப்பத்தால தரையைத் தட்டிக்கிட்டு நிக்கிறான், நான் என்ன பண்றது? கழட்டி வச்சான், எச்சில் வழிஞ்சுது. நான் இடுக்கியால தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "சாட்சி நம்பர் ஒண்ணு. இதைப் போட்டா ஓட்டை வேலி கல்யாண மாப்பிள்ளை ஆயிடுமாம்"னேன். சில பேர் சிரிச்சுக் கீழயே உக்காந்துட்டான்.

அப்புறம் தண்டனை. பக்கத்துல விஸ்கிப் பானை கொதிச்சுக்கிட்டு இருந்துது. உள்ள போட்டேன்.

வாயைத் திறந்து காட்டுடான்னேன், வேலியை எண்ணலாம்னு. அப்பப் பாத்து அவன் கை மேல போகல. ரெண்டு கையையும் பக்கவாட்டுல தொங்கவிட்டுக்கிட்டு வாயைத் திறந்து நின்னான், யாரு வேணா பாத்துக்கோன்னு. அதே பானையிலேர்ந்து அவனுக்கு ஒரு டம்ளர் குடுத்தோம். முழுசாக் குடிச்சான். "கோர்ட்டுக்கு நன்றி"ன்னான். உக்காந்துட்டான்.

நல்ல விளையாட்டுக்காரன். இந்த வருஷத்துல இதுதான் நல்ல கேஸ்னு எல்லாரும் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து அவன் ஒண்ணும் கேக்கல. களைச்சுப்போயிருப்பான். இப்பத் தூங்குறான்னு நினைக்கிறேன், ரூம்ல விளக்கு எரியுது.

வாட்டி


ரான்ஃபர்லி
ஆகஸ்ட் 14

அன்புத் தங்கச்சிக்கு. நலம். உன்கிட்டேர்ந்து லெட்டரே காணோம். கையில வாதமா? இல்ல, என் மேல கோவமா? தபால்காரன் தினம் கையை விரிக்கிறான்.

இங்க எல்லாம் வழக்கம்போல. டூகல் நல்லா இருக்கான். நல்லாச் சாப்பிடுறான், நேத்து ஆட்டுக்கறி வறுத்தேன், ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்தப் பல்லுறையை விட்டுட்டான், நல்லதாப் போச்சு, "சூப்"னு ஒழுங்காச் சொல்றான். நோரீன் விஷயத்தை நானா எடுக்கல, அவனே சொன்னான், "அண்ணே, இந்த வயசுல எனக்கு எதுக்கு அதெல்லாம், நம்ம ரெண்டு பேர் போதும்"னு. அவன் இஷ்டம். நோரீன்கிட்டப் பக்குவமாச் சொல்லிரு, மனசு கஷ்டப்படப் போகுது. இப்பக் கூட எதிர்ல உக்காந்து நாய்க்குப் பேன் பாத்துக்கிட்டு இருக்கான். உனக்கு அன்பு சொல்லச் சொன்னான்.

குட்டி போடுற சீசன் வருது. ரெண்டு பேரும் தயாரா இருக்கோம்.

வாட்டி


கெய்ன்ஸ்
ஆகஸ்ட் 30

அண்ணனுக்கு.

உன் ஆகஸ்ட் பதினாலாம் தேதி லெட்டர் வந்துது. டூகலே உடைச்சுப் படிச்சான். அவன் ஜூலை கடைசிலயே இங்க வந்துட்டான்.

வராந்தாவுல உக்காந்து சத்தமாப் படிச்சான், நானும் நோரீனும் கேட்டுக்கிட்டு இருந்தோம். ஆட்டுக்கறியை ரெண்டாந்தடவை கேட்டு வாங்கின இடம் வந்ததும் நோரீன் சிரிச்சுட்டா. அவனும் சிரிச்சான், கையால வாயை மூடாம. நாய்க்குப் பேன் பாக்குற இடத்துல நிறுத்திட்டான். லெட்டரை மடிச்சுக் கவர்ல போட்டு, "அக்கா, யாரோட பேசிக்கிட்டு இருக்கான் அவன்?"னு கேட்டான்.

கல்யாணத்தை அக்டோபருக்கு முன்னாடியே வச்சுட்டோம். முடிஞ்சிருச்சு.

அவன் உனக்கு ஒரு லெட்டர் எழுதி இதோட வைக்கச் சொன்னான். நான் படிக்கல. இனிமே நானும் கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டேன்.

எல்ஸ்பெத்


கெய்ன்ஸ்
ஆகஸ்ட் 30

வாட்டி அண்ணனுக்கு டூகல் எழுதுறது. சுகம். உன் தொண்டை சரியாயிருக்கும்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லணும்னு வருஷ ஆரம்பத்துலேர்ந்து வச்சிருந்தேன். இப்பச் சொல்றேன். நோரீனும் நானும் கல்யாணம் முடிச்சு அங்க வந்து, உன்னோட அந்த வீட்டுலயே இருக்குறதா முடிவு பண்ணியிருந்தோம். நான் அவகிட்ட முதல் நாளே சொல்லிட்டேன், அண்ணனை விட்டுட்டு வர முடியாதுன்னு. அவ சரின்னா. குளிர் பழகிக்கலாம், மூணு பேருக்குச் சேர்த்தே சமைச்சுக்கலாம்னா. வீடு உன்னுது, மூத்தவன் நீ, உன்னைக் கேக்காம முடிவு பண்ணக் கூடாதுன்னு இருந்தேன். பல்லு நேரான பிறகு, வாயை மூடாம, உன் முகத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கேக்கணும்னு ஒரு ஆசை. அதுக்குத்தான் பல்லு. நோரீனுக்காக இல்ல.

கோட்டு விஷயம் எனக்கு அன்னைக்கே தெரியும். ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நீ கோட்டைக் கொண்டுபோயி வண்டியில போட்டே, கதவைச் சத்தம் வராமச் சாத்தினே. அந்தக் கதவை நீ மெதுவாச் சாத்தி நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. போயி எடுத்துட்டு வந்திருக்கலாம். எடுக்கல. காலைக்குள்ள நீயே போயி எடுத்துட்டு வருவேன்னு படுத்துக்கிட்டேன். அக்காகிட்ட நான்தான் விட்டேன்னு சொன்னேன்.

கெட்டில் விஷயமும் தெரியும். ஒவ்வொரு தடவையும், இதோட விட்டுருவான்னு நினைச்சேன். நீ பண்றது உன் பயத்துலன்னும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தா போதும், "டேய், கல்யாணத்துக்கப்புறம் எங்கடா இருக்கப் போறே"ன்னு. கோர்ட்டுல நீ உறையைத் தூக்கினப்பக் கூட, சும்மா மிரட்டிட்டுக் கீழ வச்சுருவான், ராத்திரி கேட்டுரலாம்னுதான் நின்னேன். நீ போட்டுட்டே.

வாயைத் திறந்து நின்னேன்ல, அப்பத் தெரிஞ்சுது, அதுல ஒண்ணுமே இல்ல. அம்பது பேர் பாத்தான், நான் செத்துப் போகல. இத்தனை வருஷம் நீ சொன்னதை நம்பிக் கையைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

பல்லு பாதி நேராயிருக்கு, மீதி கோணல். அப்படியே விட்டுட்டேன். நோரீன் பாத்துட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு பட்டே"ன்னா.

நான் இனிமே அங்க வரமாட்டேன். வருத்தத்துல சொல்லல. இங்க எனக்கு நல்லா இருக்கு. நீ எனக்கு லெட்டர் போட்டா நான் பிரிக்க மாட்டேன், முன்னாடியே சொல்லிடுறேன், அப்புறம் தபால்காரன் மேல பழி போடாதே.

கோர்ட்டுக்கு நன்றி.

டூகல்


ரான்ஃபர்லி
செப்டம்பர் 12

தம்பி டூகலுக்கு உன் அண்ணன் எழுதுறது. இங்க நான் நலம். நீங்க ரெண்டு பேரும் நலமான்னு தெரியப்படுத்தவும்.

பிரிக்க மாட்டேன்னு எழுதியிருக்கே. பிரிக்காட்டிப் போ, எனக்கு ஒரு ஸ்டாம்புதான் நஷ்டம்.

நீ ஜன்னல்ல பாத்தது வேற யாரையாவது இருக்கும். இருட்டுல எல்லாக் கிழவனும் ஒரே மாதிரித்தான் இருப்பான்.

குட்டி போட ஆரம்பிச்சாச்சு. ஒரு ஆட்டுக்குக் குட்டி குறுக்கால மாட்டிக்கிச்சு. பிடிச்சுக்க ஆள் இல்ல, முழங்காலாலயே அழுத்திக்கிட்டுப் பாத்தேன். குட்டி போயிருச்சு, ஆடு இருக்கு. ஹால்ல அடுத்த வருஷத்துக்குத் தேய்க்க யாராவது வரீங்களான்னு கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சு பூட்ஸ் கயிறைக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

நோரீனுக்கு நான் ஏதேதோ எழுதிட்டேன், மூக்குல வடியிறது உறையும் அது இதுன்னு. அதெல்லாம் சும்மா. அவ்வளவெல்லாம் குளிராது. இந்த வருஷம் குளிர் சீக்கிரமே போயிருச்சு. அடுப்புக்கு விறகுதான், நிலக்கரி இல்ல, புகை கம்மி. அவ கேட்டாளாம், எல்ஸ்பெத் எழுதியிருந்தா. சொல்லிரு.

கிழக்குப் பக்கத்து ரூம்ல அடைச்சு வச்சிருந்த கம்பளி மூட்டையெல்லாம் எடுத்து ஷெட்டுக்கு மாத்திட்டேன். ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருந்துதுல்ல, அதையும் போட்டாச்சு. ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம். வேற ஒண்ணுக்கும் இல்ல. அங்க எலி வருது, அதான்.

வாட்டி